உலக நிறுவனங்களில் உத்தியோகம்: லாபமும் நஷ்டமும்

(தாதரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

காரியதரிசி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். தலைப்பும் அவர் கொடுத்ததுதான். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு 1973-ல் பம்பாய் வந்து, முப்பத்தொன்பது வருஷம் மத்திய சர்க்கார் பரிசோதனைக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பழக்கமான எழுத்தெல்லாம் "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பிக்கும் ஃபைல் குறிப்புதான். பேச்சில் ருசி குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காபி நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு பெண். மாட்டுங்காவில் நாங்கள் முன்பு குடியிருந்த கட்டிடத்தில் அடுத்த போர்ஷனில் வளர்ந்தவள். எம்.எஸ்ஸி. படித்துப் பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பும் முடித்திருக்கிறாள். சென்ற வருஷம் நைரோபியில் ஒரு உலக நிறுவனத்தில் பதினோரு மாத கான்ட்ராக்ட் கிடைத்தது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. அம்மாவுக்குப் பயம். "மாமா, நீங்கள் போய்விட்டு வந்தவர்தானே. போகலாமா, வேண்டாமா?" என்று செம்பூரில் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டாள். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில், எவை இந்த நிறுவனங்கள்? உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உணவு விவசாய நிறுவனம் போன்ற ஐ.நா. குடும்பம் ஒரு வகை. வாஷிங்டனில் உலக வங்கி, மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற கடன் கொடுக்கும் வங்கிகள் இன்னொரு வகை. ஜப்பானின் ஜைக்கா போல ஒரு நாட்டு அரசாங்கமே நடத்தும் உதவி அமைப்புகள் உண்டு. இவை தவிர ஆராய்ச்சி நிலையங்கள், தர்ம ஸ்தாபனங்கள். வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறொரு தேசத்தில், வேறொருவர் பணத்தில், நமக்கு முன்பின் தெரியாத ஜனங்களுக்குத் தண்ணீர், ரோடு, தடுப்பூசி, பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

"அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கக்கூடாது. இன்று நான் செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து, குர்லாவில் மாறி, தாதரில் இறங்கினேன். 2007-ல் இருந்து நம் லோக்கல் பாதைகளில் ஓட ஆரம்பித்த வெள்ளை, ஊதா நிற வண்டிகள் ஞாபகம் இருக்கிறதா? நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பெட்டிகள். மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் வந்தவை. அந்தத் திட்டத்துக்கு உலக வங்கி 2002-ல் சுமார் 54 கோடி டாலர் கடன் கொடுத்தது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போன நமக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அதே திட்டத்துக்காகத் தண்டவாள ஓரத்திலும் ரோடு ஓரத்திலும் இருந்த குடிசைகளையும் கடைகளையும் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மான்கூர்ட், வாஷி நாக்கா என்று மாற்றுக் கட்டிடங்களுக்குப் போனார்கள். சாந்தாகுரூஸ் செம்பூர் இணைப்புச் சாலைப் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் 2004-ல் உலக வங்கியின் சொந்த விசாரணைக் குழுவுக்கே புகார் எழுதினார்கள். குழு விசாரித்து, குறைகள் உண்டு என்றது. 2006 மார்ச்சில் வங்கி ரோடுக்கும் மறுகுடியேற்றத்துக்கும் பணம் கொடுப்பதைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. சாலை திறந்தது 2014-ல்.

இந்த விசாரணைக் குழு 1993-ல் ஏற்பட்டது. நர்மதை அணைச் சண்டைக்குப் பிறகு வந்தது. ஆக, அப்படி ஒரு குழு இருப்பதற்கும் நம் தேசத்து ஜனங்களின் கூச்சல் ஒரு காரணம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி லாபக் கணக்கு. சம்பளத்தை மறைக்க வேண்டியதில்லை. நான் 1989-ல் டெபுடேஷனில் போனபோது என் சர்க்கார் சம்பளத்தைப் போல எட்டு மடங்கு. ஐ.நா. சம்பளத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. 1947-லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, குடும்பத்தோடு ஊருக்கு வந்துபோக டிக்கெட், போகும் ஊரின் விலைவாசிக்குத் தகுந்தபடி கூடுதல் படி. இவையெல்லாம் நிரந்தர வகை ஊழியர்களுக்கு. கன்சல்டன்ட் என்று போகிறவர்களுக்கு இதில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசத்தை நம்ம பிள்ளைகள் கவனிப்பதில்லை. கடிதத்தின் மேலே இருக்கும் நீல முத்திரையைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். ஓய்வூதிய நிதியில் முழு பென்ஷன் உரிமை வர ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். நான் இருந்தது இரண்டே வருஷம்.

சம்பளத்தைவிடப் பெரிய லாபம், செய்யும் காரியம் எவ்வளவு தூரம் போகிறது என்பது. என் துறையிலேயே ஓர் உதாரணம். அறுபதுகளின் வறட்சியில் நம் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட யூனிசெஃப் யந்திரங்கள் கொண்டுவந்தது. கிணறு தயார், ஆனால் மேலே பொருத்திய வார்ப்பிரும்புக் கை பம்புகள் சீக்கிரமே உடைந்தன. அவை ஒரு வீட்டு உபயோகத்துக்குச் செய்தவை. ஒரு கிராமமே வரிசையில் நின்று அடித்தால் தாங்குமா? நம் மகாராஷ்டிர ஷோலாப்பூரில் மிஷனரிகள் ஒரு பட்டறையில் உறுதியான பம்பு ஒன்று செய்திருந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, யூனிசெஃப், நம் சர்க்கார், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலை எல்லாரும் சேர்ந்து, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, எழுபதுகளில் கொண்டுவந்ததுதான் "இந்தியா மார்க் டூ". யாரும் காப்புரிமை எடுக்கவில்லை. லட்சக்கணக்கில் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் நான் முதல் கிராமத்தில் இறங்கியபோது அந்தப் பம்பின் நீளக் கைப்பிடியைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஷோலாப்பூர் பட்டறைக்காரருக்கு இது தெரிந்திருக்குமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பெரிய மனிதர் உதாரணம் வேண்டுமென்றால் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் இருக்கிறார். கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய விவசாய ஆராய்ச்சியிலும் சர்க்காரிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பிறகுதான், 1982-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகப் போனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர். கம்போடியாவில் போல் போட் காலத்தில் அழிந்துபோன நாட்டு நெல் ரகங்கள் அந்த நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில் பத்திரமாக இருந்தன. எண்பதுகளில் அவற்றை அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சுவாமிநாதன் 1988-ல் திரும்பி வந்து, உலக உணவுப் பரிசாகக் கிடைத்த பணத்தை வைத்துச் சென்னை தரமணியில் தம் ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார். அவர் போன வயது, போன விதம் இரண்டையும் பாருங்கள். இங்கே வேலை கற்றுக்கொண்டு, பேர் எடுத்துவிட்டுப் போனார்.

இனி நஷ்டம். உத்தியோக நிச்சயம் முன்பும் கிடையாது, இப்போது சுத்தமாகக் கிடையாது. 1961 முதல் நடந்த அமெரிக்க உதவி நிறுவனம் யூ.எஸ். எய்ட், 2025 ஜூலை முதல் தேதியோடு தனி நிறுவனமாக இயங்குவது நின்றது. அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட அமைப்பு, சில மாதங்களில் முடிந்தது. அதே 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பணம் குறைந்து, ஜெனீவாவில் ஆட்களைக் குறைத்தார்கள். வாஷிங்டனில் வேலை என்றால் விசாவும் வேலையோடு கட்டியது. பிள்ளை குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் அந்த விசா அவனுக்குச் செல்லாது. பத்து வயதில் அழைத்துப்போன பிள்ளை அமெரிக்கனாகவே வளர்ந்திருப்பான்; அப்போதுதான் இந்தச் சிக்கல் வாசலில் வந்து நிற்கும்.

குடும்ப விஷயத்தில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஆறு மாதம் என்னோடு இருந்தாள். பெண்ணின் பள்ளிக்கூடம் சரிப்படவில்லை என்று இருவரும் மாட்டுங்கா திரும்பினார்கள். 1990-ல் ஊரில் என் தகப்பனார் காலமானார். தந்தி எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் ஆள் வந்து சொல்லி, நான் விமானம் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். மூத்த பிள்ளை நான். கொள்ளி போட்டது தம்பி. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை. இப்போது கைபேசி இருக்கிறது, வீடியோவில் முகம் பார்க்கிறோம். ஆனாலும் விமானத்துக்கு ஆகும் நேரம் அதேதான்.

ஆனால் இதெல்லாம் துபாயில் கணக்கு எழுதப் போனாலும் உண்டு. இந்த வேலைக்கே உரிய நஷ்டம் வேறு. அந்தப் பெண்ணிடமும் நான் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.

எழுபதுகளில் வங்காள தேசத்தில் குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்தன. யூனிசெஃப்பும் அந்த நாட்டு அரசும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டன. நல்ல எண்ணம், நல்ல காரியம். கிருமி இல்லாத தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைய வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் அது கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் கல்கத்தாவில், டிராபிகல் மெடிசின் கல்லூரியில் இருந்த தோல் வைத்தியர் டாக்டர் கே.சி. சாஹா, 1983 வாக்கிலேயே கிராமத்து நோயாளிகளின் கை கால் தோலைப் பார்த்து, இது கிணற்று ஆர்சனிக் என்று கண்டுபிடித்துவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் அது உறுதியானது 1993-ல். பத்து வருஷம்! மண் ஒன்று, ஆறு ஒன்று, பாஷை ஒன்று. பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பம்புக்கு வர்ணம் அடித்தார்கள்.

இதில் ஒரு கோர்ட்டு வழக்கு உண்டு. பிரிட்டிஷ் மண்ணியல் ஆய்வு நிறுவனம் தங்கள் அரசின் உதவிப் பணத்தில் 1992-ல் அங்கே தண்ணீரைச் சோதித்து அறிக்கை கொடுத்தது. அதிலும் ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு கிராமவாசி லண்டனில் வழக்குப் போட்டார். 2006-ல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. அந்த நிறுவனத்துக்கும் இந்த மனிதருக்கும் இடையே சட்டம் எதிர்பார்க்கும் நெருக்கம் இல்லை, ஆகையால் அவருக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் போன நாட்டின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்கா, பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதி. கிராமக் குடிநீர்த் திட்டம். தண்ணீர் பரிசோதனை என் பொறுப்பு. அச்சடித்த படிவம் கொடுத்தார்கள்: கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி. ஃப்ளோரைடுக்குக் கட்டம் இல்லை. சில கிராமங்களில் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடுகள். எனக்கு அது புதிதில்லை. என் சித்தப்பா தர்மபுரியில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தார். லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பல்லைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தர்மபுரிக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் 2013-ல் வந்தது, அதுவும் ஜைக்கா கடனில். பாருங்கள், எல்லாக் கதையிலும் இவர்கள் வருகிறார்கள்.

அருகில் இருந்த ஒரு கல்லூரியில் ரசாயனம் கடன் வாங்கி, அலிசரின் ஜிர்கோனியம் கரைசல் தயாரித்து, நிறம் பார்த்துச் சோதித்தேன். காலேஜில் கற்ற வித்தை. இருபத்தாறு கிணறுகளில் பதினொன்றில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற உலக வரம்புக்கு மேல். ஒன்றில் ஆறு. ஒன்று ஒன்றரை என்றால் பல்லோடு போகும். ஆறு என்றால் வருஷக்கணக்கில் எலும்பை வளைக்கும். திட்டத் தலைவருக்குக் குறிப்பு எழுதினேன். நல்ல மனிதர். "ரொம்ப உபயோகமான தகவல், அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்" என்றார். அந்தச் சமயம் இறுதி அறிக்கை பணம் கொடுத்த நாட்டுக்குப் போக வேண்டிய நேரம். இத்தனை கிணறுகள், இத்தனை நாளில், எல்லாம் பாதுகாப்பான தண்ணீர். தொழில்நுட்பப் பகுதியில் என் கையெழுத்து வேண்டும். என் கான்ட்ராக்டை ஒரு வருஷம் நீட்டிக்கும் காகிதமும் அதே மேஜையில் இருந்தது. செம்பூரில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தேன்.

ஃப்ளோரைடு விஷயத்தை ஓர் அடிக்குறிப்பாகப் போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் கையெழுத்து, என் பேனா.

நீட்டிப்பு வரவில்லை, அது வேறு கதை. பம்பாய் திரும்பி இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: அந்தக் கட்டம் முடிந்துவிட்டது, ஃபைல்கள் தலைமையகம் போய்விட்டன. அவ்வளவுதான்.

இதோடு ஒப்பிட எங்கள் பரிசோதனைக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தடவை எங்கள் ரிப்போர்ட்டில் புள்ளி ஒன்று இடம் மாறிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் குடையோடு வந்து என் மேஜை எதிரே நின்று, எல்லார் எதிரிலும் அரை மணி நேரம் என்னைக் கிழித்தார். மறுநாள் திருத்திக் கொடுத்தேன். 2005-க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டமும் வந்தது. பத்து ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் என் ஃபைலைத் திறக்கலாம். சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ அழுக்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு என் மேஜை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆப்பிரிக்கக் கிராமத்து அம்மாளுக்குத் தெரியாது. உத்தியோகக் காரியத்துக்காக ஐ.நா. ஊழியர்மேல் வழக்குப் போடமுடியாது என்று பாதுகாப்பும் இருக்கிறது. நம்மூர்க் கடைக்காரர்கள் உலக வங்கிக்கு எழுத முடிந்தது என்றால், படித்தவர்கள் துணைக்கு இருந்தார்கள், பத்திரிகை இருந்தது, எங்கே எழுதவேண்டும் என்று தெரிந்தது. அதுவும் கிடைத்தது ஒரு விசாரணை, சில மாத நிறுத்தம்.

ஆகையால் அந்தப் பெண்ணிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. நாம் போகாவிட்டால் ஃப்ளோரைடு பல்லைப் பார்த்தே இராத ஒருவர் போவார். முடிந்தால் இங்கே ஐந்து வருஷம் ஒரு வேலை பார்த்துவிட்டு, பழைய வேலையில் உரிமையை வைத்துக்கொண்டு போ என்றேன். திரும்பி வர இடம் இருந்தால்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரும். எனக்கு அந்த இடம் இருந்தது. இருந்தும் போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கடன் வாங்கி ஃப்ளாட் புக் பண்ணிவிட்டுப் போகாதே என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் பதினோரு கிணறு என்ன ஆச்சு மாமா?"

தெரியாது என்றேன். உள்ளே போய், பழைய டைரியிலிருந்து கிணற்று எண்கள், கிராமப் பெயர்கள், அளவுகள் இருந்த பக்கத்தை எடுத்துவந்து, பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். போன அக்டோபரில் அவள் விமானம் ஏறினாள், அப்பாவே விமான நிலையம் வரை போனார். அந்த ஊர்கள் அவள் இருக்கும் இடத்திலிருந்து ரொம்ப தூரம், எல்லை தாண்டவேண்டும், விசாரித்துப் பார்க்கிறேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். அதன் பிறகு அந்த விஷயமாக ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மணி ஆகிவிட்டது, காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். டெபுடேஷன் விதிகள், விண்ணப்பம் பற்றிக் கேட்க விரும்பும் பிள்ளைகள் காபி நேரத்தில் என்னிடம் வாருங்கள்.